பந்து பிரசிடென்ட்

எங்கள் கழகத்துக்கு இருளம்மாளைத் தலைவராகத் தேர்ந்தெடுத்த கூட்டத்தில் இருளம்மாள் இல்லை. அவரிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்கவும் இல்லை. கேட்டிருந்தால் விளக்குமாற்றோடு வந்திருப்பார்.

நான் இன்பராஜ். கடற்கரைப் பக்கத்து ஆள். கணக்கு வாத்தியார் வேலை கிடைத்து, வெம்பக்கோட்டைக்குக் கொஞ்சம் தள்ளி இருக்கும் பனையடிக்குளத்துக்கு வந்தபோது பெட்டியோடு ஒரு கால்பந்தையும் கொண்டுவந்தேன். கபடியும் கிரிக்கெட்டும் ஆடிக்கொண்டிருந்த ஊரில் அந்தப் பந்து ஏழே வருடத்தில் இருபத்திரண்டு பேரைப் பிடித்துக்கொண்டது. எல்லாரும் பட்டாசு கம்பெனியில் வேலை பார்க்கிறவர்கள். ‘மின்னல் கால்பந்துக் கழகம்’ என்று பெயர் வைத்து, 2016-இல் மாவட்டச் சங்கத்தில் பதிவு செய்யலாம் என்று முடிவு செய்தோம். படிவத்தை நிரப்பத் தெரிந்தவன் என்பதால் நான் செயலாளர். தலைவர் யார் என்பதில்தான் சிக்கல்.

வெள்ளைத்துரையும் கருப்பணனும் போட்டியிட்டார்கள். ஒருவர் தங்கையை இன்னொருவர் கட்டியிருந்தார். ஒரே கம்பெனி, ஒரே வேன், பக்கத்துப் பக்கத்து வீடு. வெள்ளைத்துரை கோல் அடிப்பவர், கருப்பணன் கோல் தடுப்பவர். கை தூக்கச் சொன்னபோது, என்னை விட்டு, பதினொன்றுக்குப் பதினொன்று வந்தது. மூன்று ஞாயிற்றுக்கிழமை கூட்டம் போட்டோம். மூன்று தடவையும் அதே கணக்குதான்.

கடைசியில் பின்னாலிருந்து ஒருவர் சொன்னார். “ரெண்டு பேரும் வேண்டாம். ரெண்டு பேரும் யாருக்குப் பயப்படுவாகளோ அவுகளைப் போடுங்க.”

எல்லாரும் ஒரே நேரத்தில், நாங்கள் ஆடும் பொட்டலை ஒட்டியிருந்த ஓட்டு வீட்டைத் திரும்பிப் பார்த்தோம். அது இருளம்மாளின் வீடு. பட்டாசு கம்பெனியில் பூச்சட்டி பாக்கிங் வேலை பார்க்கும் அவருக்கு அப்போது முப்பத்தொன்பது வயது. ஞாயிற்றுக்கிழமைதான் அவர் மிளகாய் வத்தல் காயப்போடும் நாள், நாங்கள் பந்து ஆடும் நாளும் அதுதான். வத்தல் மேல் விழுந்த பந்து எதுவும் திரும்பி வந்ததில்லை. வெள்ளைத்துரை ஒருமுறை கேட்கப் போய், வாசலைத் தாண்டாமலே திரும்பி வந்தார். கருப்பணன் அந்த வாசல் வரைக்கும்கூடப் போனதில்லை.

செய்தியைச் சொல்ல என்னை அனுப்பினார்கள். இருளம்மாள் அம்மியில் எதையோ அரைத்துக்கொண்டிருந்தார். அவருடைய கணவர் முத்துப்பாண்டி, லோடு வேன் ஓட்டுபவர், கட்டிலில் படுத்திருந்தார்.

“என்ன சார், மறுபடியும் பந்தா?” என்றார் இருளம்மாள்.

“இல்லக்கா. உங்களை எங்க கிளப்புக்குப் பிரசிடென்ட் ஆக்கியிருக்கோம்.”

அவர் அரைப்பதை நிறுத்தவில்லை. “எனக்கு அந்த ஆட்டம் புடிக்காதே சார்.”

“தெரியும்க்கா.”

“தெரிஞ்சுமா போட்டீக?”

உண்மையைச் சொல்லிவிட்டேன். முத்துப்பாண்டி எழுந்து உட்கார்ந்து சிரித்தார். இருளம்மாள் கையைக் கழுவிவிட்டு வந்து, “பிரசிடென்ட் சொன்னா எல்லாரும் கேக்கணும்ல?” என்றார். ஆமாம் என்றேன். படிவத்தை வாங்கி, எழுத்துக் கூட்டி ஒருமுறை முழுக்கப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அடுத்த ஞாயிறு காலை தலைவராக முதன்முதல் பொட்டலுக்கு வந்தபோது தோளில் ஒரு சோளச் சாக்கு இருந்தது. கீழே கொட்டினார். ஏழு பந்துகள். கருப்பணன் ஒவ்வொன்றாக எடுத்து, காணாமல் போன பிள்ளைகளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

“இனிமே அந்தப் பக்கம் கோல் கம்பம் வேண்டாம். இந்தப் பக்கம் மாத்துங்க. பந்து என் வீட்டுக்கும் வராது, வத்தலும் நாசமாகாது” என்றார் இருளம்மாள். கம்பத்தை இடம் மாற்ற அரை மணி நேரம் ஆனது. ஏழு வருடமாக அது எங்கள் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அன்று முதல் ஆட்டத்தைக் கவனிக்க ஆரம்பித்தார். ஆஃப்சைடு விதியை நான் விளக்கியபோது இரண்டு கேள்விதான் கேட்டார். எனக்கே அந்த விதி அன்றுதான் சரியாகப் புரிந்தது.

ஊரில் பஞ்சாயத்துத் தலைவரையும் பிரசிடென்ட் என்றுதான் சொல்வார்கள். குழப்பம் வராமலிருக்க இருளம்மாள் ‘பந்து பிரசிடென்ட்’ ஆனார். அப்படியும் சிலர் குழாயில் தண்ணீர் வரவில்லை என்று அவரிடம் போய் நிற்பார்கள். அவரும் சும்மா அனுப்ப மாட்டார். மற்ற பிரசிடென்டின் வீடு வரைக்கும் கூடவே போவார்.

அவர் போட்ட முதல் சட்டம் குளியல். எங்கள் ஆட்கள் வேனை விட்டு இறங்கிய கையோடு ஆட வருவார்கள். அலுமினியத் தூள் முழங்கை வரைக்கும் படிந்து, மாலை வெயிலில் எல்லாருடைய கையும் வெள்ளியாக மின்னும். வெளியூர் அணிகள் எங்களை ‘வெள்ளிக் கை’ என்றே கூப்பிட்டன. எங்களுக்கு அதில் பெருமைகூட உண்டு. இருளம்மாளுக்கு இல்லை. பொட்டல் ஓரத்தில் ஒரு டிரம் நிறையத் தண்ணீரும் சோப்பும் வைத்தார்.

“மருந்துக் கையோட ஆடி, வேர்த்து, அதே கையால மூஞ்சியத் தொடைக்கீக. கண்ணு என்னத்துக்கு ஆகும்? குளிச்சவன் மட்டும் உள்ள வா.”

“மதினி, இருட்டிப் போகும்” என்றார் வெள்ளைத்துரை.

“அப்ப சீக்கிரம் குளி.”

மூன்று மாதத்தில் கண் எரிச்சல் என்று யாரும் சொல்லாமலானார்கள். வெளியூர் அணிகளும் எங்களை வேறு பெயர் சொல்லித் திட்டப் பழகிக்கொண்டன.

இருளம்மாள் கூட வந்த முதல் வெளியூர் ஆட்டம் சாத்தூர்ப் பக்கம் நடந்தது. இரண்டாம் பாதியில் எதிரணிப் பையன் ஒருவன் காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். நடுவர் விசில் ஊதுவதற்குள் இருளம்மாள் தண்ணீர்ச் செம்போடு மைதானத்தின் நடுவே ஓடிக்கொண்டிருந்தார்.

நடுவர் தடுத்தார். “அம்மா, நீங்க யாரு?”

“பிரசிடென்ட்.”

“எந்த டீமுக்கு?”

எங்களைக் கை காட்டினார்.

“அப்ப இந்தப் பையனுக்கு ஏன் தண்ணி கொண்டுட்டு வாரீக?”

“இவன்தானே சார் விழுந்து கெடக்கான்.”

பையன் தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்து, ஐந்தாவது நிமிடத்தில் எங்களுக்கு எதிராகக் கோல் போட்டான். திரும்பி வரும்போது வேனில் எல்லாரும் அந்தத் தண்ணீர்ச் செம்பையே முறைத்துக்கொண்டு வந்தார்கள். “தண்ணி குடுக்காம இருந்திருந்தாலும் அவன் அடிச்சிருப்பான். நல்லா ஆடுறான்” என்றார் இருளம்மாள்.

அடுத்த வருடம் பொட்டலில் ஒரு கட்டடம் வரப்போகிறது என்று பேச்சுக் கிளம்பியது. புறம்போக்கு நிலம், எங்களுடையது என்று சொல்ல ஒரு காகிதமும் இல்லை. திங்கட்கிழமை மனுநாளில் சூலக்கரை போய்க் கலெக்டர் ஆபீசில் கொடுக்கலாம் என்றார் இருளம்மாள். மனுவை நான் நாலு பக்கம் எழுதியிருந்தேன். வாங்கிப் பார்த்துவிட்டு, ஒரே பக்கத்தில் எழுதச் சொன்னார். பிறகு அணியில் இறங்கும் பதினோரு பேரையும் ஜெர்சி போட்டு வரச் சொன்னார். முத்துப்பாண்டியின் வேனில் எல்லாரும் போனோம்.

வரிசையில் முதியோர் பென்ஷன், பட்டா, பாதை என்று ஆளுக்கொரு மனுவோடு நின்றார்கள். நடுவே ஒன்று முதல் பதினொன்று வரை எண் போட்ட பச்சை ஜெர்சிகள் நின்றன. எங்கள் முறை வந்ததும் அதிகாரி நிமிர்ந்து பார்த்தார்.

“நீங்க எந்த ஊர் பிரசிடென்ட்மா?”

“பனையடிக்குளம் சார். ஊருக்கு இல்ல, பந்துக்கு.”

அவர் மனுவைப் படித்தார். “விளையாட்டுத் திடல் வேணும்கிறீங்க. எத்தனை பேர் விளையாடுறீங்க?”

“இப்ப இருவத்திரெண்டு பேரு. எடம் நெலைச்சா இன்னும் வருவாக.”

அதிகாரி மூன்றாம் எண்ணைப் பார்த்து, “நீங்க எந்த இடத்துல ஆடுவீங்க?” என்று கேட்டார். பதில் வந்ததும், தானும் கல்லூரியில் அதே இடத்தில் ஆடியதாகச் சொல்லிச் சிரித்தார். சர்வேயர் வந்து அளந்தார். ஐந்து மாதம் கழித்து அந்தப் பொட்டல் ஊராட்சிப் பதிவில் விளையாட்டுத் திடல் என்று ஏறியது. கட்டடத்துக்கு ஊரின் மேற்கே வேறு இடம் பார்த்தார்கள். காகிதத்தின் நகலை இருளம்மாள் கண்ணாடிச் சட்டம் போட்டு, வீட்டில் சாமி படங்களுக்குப் பக்கத்தில் மாட்டினார்.

2018 தீபாவளிக்குப் பிறகு பட்டாசு கம்பெனிகள் திறக்கவில்லை. வழக்கமாக ஒரு மாத லீவுதான் விடுவார்கள். அந்த வருடம் கோர்ட்டு உத்தரவு வந்து, என்ன மருந்து போடலாம், போடக்கூடாது என்று தெரியாமல் முதலாளிகள் ஷட்டரை இறக்கிவிட்டார்கள். ஒரு மாதம் இரண்டானது, மூன்றானது. ஆண்கள் திருப்பூருக்கும் கேரளாவுக்கும் வேலை தேடிப் போனார்கள். இருபத்திரண்டு பேரில் ஊரில் மிஞ்சியது ஐந்து பேர். கழகத்தைக் கலைத்துவிடலாமா என்று நானே கேட்டேன்.

“ஆளு போயிருக்காக, எடம் எங்கயும் போகலையே” என்றார் இருளம்மாள். தினமும் மாலை ஐந்தரைக்கு விசிலோடு வந்து பொட்டலில் நிற்பார். ஐந்து பேரும் கொஞ்ச நேரம் பந்தை உருட்டிவிட்டுப் போவார்கள்.

வேலையில்லாமல் பெண்களும் வீட்டில்தான் இருந்தார்கள். வேலியோரம் நின்று பார்ப்பார்கள். அவர்களில் ஒருத்தி வேல்விழி. இருபது வயது. இருளம்மாளோடு ஒரே ஷெட்டில் பாக்கிங் வேலை பார்த்தவள், கை அம்புட்டு வேகம். ஒருநாள் பந்து வேலியைத் தாண்டி அவளிடம் வந்தது. எடுத்து எறியாமல் காலால் உதைத்தாள். அது நேராகக் கருப்பணன் நெஞ்சில் போய் விழுந்தது. அவர் இரண்டடி பின்னால் போனார்.

“சித்தி, நாங்களும் ஆடலாமா?” என்று கேட்டாள் வேல்விழி.

இருளம்மாள் என்னைப் பார்த்தார். “சட்டத்துல ஆம்பளைக மட்டும்னு இருக்கா சார்?”

“இல்லக்கா.”

“அப்ப வாங்க.”

மறுநாள் பதினாறு பெண்கள் வந்தார்கள். கம்பெனியில் சேலைக்கு மேலே போட்டுக்கொள்கிற ஆண் சட்டையைச் சுடிதாருக்கு மேலே போட்டு வந்திருந்தார்கள். அதுதான் அவர்களுடைய முதல் ஜெர்சி. வெள்ளைத்துரை கோல் அடிக்கக் கற்றுக்கொடுத்தார், கருப்பணன் தடுக்கக் கற்றுக்கொடுத்தார். தன் பாடம்தான் முக்கியம் என்று இருவரும் தினமும் சண்டை போட்டதில் பெண்கள் இரண்டையும் நன்றாகவே படித்தார்கள்.

ஊரில் முணுமுணுப்பு இல்லாமலில்லை. இருளாண்டி என்ற பெரியவர் ஒருவர் தினமும் வந்து நின்று, பொம்பளைப் பிள்ளைகள் ஓடுவது நல்லாவா இருக்கு என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொல்வார். நாலாம் நாள் இருளம்மாள் அவர் கையில் ஒரு சிவப்புக் கொடியைக் கொடுத்தார்.

“மாமா, தெனமும் வந்து கண்கொட்டாமப் பாக்கீக. பந்து கோட்டைத் தாண்டினா இதைத் தூக்குங்க. எங்களுக்கு லைன் பாக்க ஆளில்ல.”

பெரியவர் கொடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அன்று பதினேழு தடவை தூக்கினார். ஒரு வாரத்தில் அவரைவிடக் கண்டிப்பான லைன்ஸ்மேன் அந்த வட்டாரத்தில் இல்லை என்றானது. சொந்தப் பேத்தியையே ஆஃப்சைடு என்று நிறுத்தினார்.

கம்பெனிகள் மெல்லத் திறந்தன. ஆண்கள் திரும்பினார்கள். பெண்கள் மைதானத்தை விட்டுப் போகவில்லை. செவ்வாய், வியாழன், சனி பெண்களுக்கு, மற்ற நாள் ஆண்களுக்கு என்று இருளம்மாள் பிரித்தார். யாரும் எதிர்த்துப் பேசவில்லை.

பெண்கள் அணியின் முதல் ஆட்டத்துக்கு மல்லாங்கிணறு போனோம். அங்கே இசபெல் என்ற விளையாட்டு ஆசிரியை நாலு வருடமாகப் பெண்கள் அணி நடத்திவந்தார். ஒன்பதுக்குப் பூஜ்யம். பூஜ்யம் எங்களுடையது. இசபெல் டீச்சருக்கே சங்கடமாகிவிட்டது. ஆட்டம் முடிந்ததும் இருளம்மாளிடம் வந்து, “தப்பா எடுத்துக்காதீங்கக்கா, பிள்ளைங்ககிட்ட மெதுவா ஆடுங்கன்னு சொல்லத்தான் செஞ்சேன்” என்றார்.

“அய்யோ, மெதுவால்லாம் ஆட வேண்டாம் டீச்சர். எங்க தப்பு எதுன்னு மட்டும் சொல்லிக்குடுங்க.”

இருவரும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசினார்கள். இசபெல் மண்ணில் குச்சியால் கோடு போட்டுக் காட்டினார். அதற்குப் பிறகு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பஸ் பிடித்து எங்கள் ஊருக்கு வந்து பயிற்சி கொடுத்தார், அன்று மட்டும் ஆண்கள் மைதானத்தை விட்டுக்கொடுத்தார்கள். இருளம்மாள் வீட்டில்தான் மதியச் சாப்பாடு. வத்தல் குழம்பு அவருக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

இதற்கிடையில் இருளம்மாள் இன்னொன்றையும் கண்டுபிடித்தார். எல்லாப் போட்டிகளும் பட்டாசு சீசன் நேரத்தில் வந்தன. ஆவணி, புரட்டாசியில் ஆர்டர் குவிந்து, எங்கள் ஆட்களுக்கு நிற்க நேரமிருக்காது. தீபாவளி முடிந்து லீவு விட்ட பிறகோ எந்தப் போட்டியும் இல்லை. “நமக்கு லீவு இருக்கும்போது நாமளே ஒண்ணு நடத்துனா என்ன?” என்றார். அப்படித்தான் பனையடிக்குளம் கோப்பை பிறந்தது. நடுவில் கொரோனா இரண்டு வருடத்தைத் தின்றது. அதைத் தாண்டியும் சுற்றுவட்டாரத்துப் பட்டாசு ஊர்கள் எல்லாம் அணி அனுப்பின.

2023 டிசம்பரில் பெண்கள் பிரிவின் இறுதி ஆட்டம் எங்களுக்கும் மல்லாங்கிணற்றுக்கும். முந்தின நாள் நல்ல மழை. கரிசல் மண் நனைந்தால் பூட்ஸில் அப்பிக்கொண்டு காலைத் தூக்கவிடாது. இருளம்மாள் ஒரு தோசைக் கரண்டியோடு கோட்டோரம் நின்றார். பந்து வெளியே போகும் ஒவ்வொரு தடவையும் யார் பக்கத்தில் இருக்கிறார்களோ அவர்களுடைய பூட்ஸைச் சுரண்டிவிட்டார்.

முதல் பாதியில் மல்லாங்கிணறு ஒரு கோல் போட்டது. இடைவேளையில் இசபெல் சிரித்துக்கொண்டே வந்து, “அக்கா, அந்தக் கரண்டியைக் கொஞ்சம் தாங்க” என்றார்.

“இன்னைக்கு மட்டும் கேக்காதீக டீச்சர். நாளைக்கு ஒரு டஜன் வாங்கித் தாரேன்.”

இரண்டாம் பாதியில் எங்கள் பெண்கள் பந்தை உருட்டுவதை விட்டுவிட்டுத் தூக்கி அடிக்க ஆரம்பித்தார்கள். சேற்றில் உருளாது என்பது சொந்த மண்ணில் ஆடுகிறவர்களுக்குத் தெரியும். வேல்விழி தலையால் முட்டி ஒன்று போட்டாள். ஆட்டம் முடிய நாலு நிமிடம் இருக்கும்போது, கோலுக்கு முன்னால் தேங்கியிருந்த தண்ணீரில் பந்து நின்றுவிட்டது. கீப்பர் குனிவதற்குள் வேல்விழி சறுக்கிக்கொண்டே போய்த் தட்டிவிட்டாள். பந்தும் அவளும் சேர்ந்தே வலைக்குள் போனார்கள். இருளாண்டி பெரியவர் கொடியைத் தூக்கவில்லை. தூக்கிவிடுவாரோ என்று ஊரே அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

இரண்டுக்கு ஒன்று. வெள்ளைத்துரையும் கருப்பணனும் கட்டிப்பிடித்துக்கொண்டு சேற்றில் விழுந்தார்கள். கம்பெனிகள் லீவு என்றாலும் வெடிக்கு அங்கே பஞ்சமில்லை. வீட்டுக்கு வீடு மிச்சம் வைத்திருந்த சரம் எல்லாம் வெளியே வந்தது. இசபெல் எங்கள் பெண்கள் ஒவ்வொருத்தியின் தலையிலும் கை வைத்து வாழ்த்திவிட்டுப் போனார்.

ஜனவரியில் பொதுக்குழு. இருளம்மாள் ஏழரை வருடம் தலைவராக இருந்துவிட்டார், மறுபடியும் அவர்தான் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தோம். அவர் எழுந்து, “எனக்குத் தலைவர் வேலை வேண்டாம்” என்றார்.

யாராவது ஏதாவது சொல்லிவிட்டார்களா என்று பயந்துபோய்க் கேட்டேன்.

“யாரும் ஒண்ணும் சொல்லல. தலைவரா இருக்கவுக டீம்ல ஆடக் கூடாதுன்னு சட்டத்துல எழுதியிருக்கே சார்?”

இருக்கிறது. அந்த மூன்று ஞாயிற்றுக்கிழமைச் சண்டைக்குப் பிறகு, மறுபடி அப்படி வரக்கூடாது என்று நான்தான் எழுதிச் சேர்த்தேன்.

“எனக்கு ஆடணும்” என்றார் இருளம்மாள். “ஆறு மாசமா வெடிய எந்திரிச்சு ஓடிக்கிட்டு இருக்கேன். வேல்விழிதான் கூட வாரா.”

நாற்பத்தாறு வயது என்று யாரோ மெல்ல ஆரம்பித்தார்கள். முத்துப்பாண்டி எழுந்து, “தெனமும் வயல்பாதையில ஓடி வந்து நாலு இட்லி கூடத் திங்கிறா. ஆடட்டும்” என்றார். சிரிப்பு அடங்கியதும் வேல்விழியைத் தலைவராக்கலாமா என்று பேச்சு வந்தது. அவளும் ஆடுகிறவள், ஆகவே முடியாது. முழங்கால் தேய்ந்து ஆட்டத்தை விட்டுவிட்ட கருப்பணனைத் தேர்ந்தெடுத்தோம். அவர் பெயரை முன்மொழிந்தவர் வெள்ளைத்துரை.

இருளம்மாளை ஸ்டாப்பர் பேக் இடத்தில், கோலுக்கு முன்னால் தடுத்து நிற்கும் வேலைக்குப் போட்டோம். அதிகம் ஓட வேண்டியதில்லை என்று நாங்கள் நினைத்தோம். மார்ச்சில் திருத்தங்கல் பக்கத்து அணியோடு முதல் ஆட்டம். எதிரணியின் முன்னணி ஆட்டக்காரி ஒரு கல்லூரிப் பெண். முதல் இரண்டு தடவை இருளம்மாளைச் சுலபமாகத் தாண்டிப் போனாள். ஒன்று கம்பத்தில் பட்டுத் திரும்பியது. ஒன்று கோல்.

மூன்றாவது தடவை அவள் வந்தபோது இருளம்மாள் முன்னால் பாயவில்லை. பின்னாலேயே நகர்ந்து நகர்ந்து, ஓரக் கோட்டுப் பக்கம் ஒதுக்கிக்கொண்டு போனார். அந்தப் பெண் இடப்புறம் திரும்புவதுபோல் ஏமாற்றி வலப்புறம் தட்டினாள். இருளம்மாளின் கால் அங்கே இருந்தது. பந்து அவர் காலில் நின்றது.

அந்தப் பெண் மூச்சு வாங்கிக்கொண்டே, “பெரியம்மா, பந்தை விடுங்க” என்றாள், பழக்க தோஷத்தில்.

“இங்கன பெரியம்மால்லாம் கெடையாது தாயி. நாலாம் நம்பரு” என்று சொல்லிவிட்டு இருளம்மாள் பந்தை நடுக்கோட்டுக்கு அனுப்பினார்.

ஆட்டம் சமனில் முடிந்தது. வேனில் ஏறியதும் பூட்ஸைக் கழற்றி, இரண்டு குதிகாலிலும் கொப்புளம் வெடித்திருப்பதை எல்லாருக்கும் காட்டினார். முத்துப்பாண்டி திருத்தங்கல் முக்கில் வேனை நிறுத்தி, பதினாறு பேருக்கும் பருத்திப்பால் வாங்கிக் கொடுத்தார். இருளம்மாள் இரண்டு டம்ளர் குடித்தார்.